தை பிறந்தால் வழி பிறக்கும், மண் உருகுமா?

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிரம்ரனில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டப் போகிறோம். பெர்மிற் கார்த்திகைக் கடைசியில்தான் கைக்கு வந்தது. மார்கழியில் தொடங்கக் கூடாது என்று அம்மா மறித்துவிட்டா. ஐயர் தை நடுவில் நாள் வைத்துத் தந்திருக்கிறார். கொந்தராத்துக்காரரோ, "மண் உறைஞ்சு கல்லு மாதிரிக் கிடக்கு. இதைவிட நல்ல அடி எங்க கிடைக்கும்? அப்பிடியே கொங்கிறீற்றைக் கொட்டுவம்" என்கிறார். எனக்கு நெஞ்சு இடிக்கிறது. சித்திரை வரை பொறுக்கவும் வழியில்லை. வாடகை ஒரு பக்கம், வங்கிக் கடன் ஒரு பக்கம். என்ன செய்யலாம்? நல்ல நாள் பார்த்து முதல் கல்லாகிய நாட்கல் வைக்கிற விசயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பிரம்ரன்

பதில்: தங்கச்சி, உங்கள் நெஞ்சு சரியான இடத்தில்தான் இடித்திருக்கிறது.

கொந்தராத்துக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. உறைந்த மண் கல்லு மாதிரித்தான். பெரிய பெக்கோ, அதுதான் மண் வெட்டுகிற மெஷின், ஏறி நின்றாலும் அசையாது. ஆனால் அந்தப் பலம் மண்ணின் சொந்தப் பலம் இல்லை, பனிக்கட்டி கொடுத்த கைமாற்று. பங்குனி பிறந்ததும் கொடுத்தவன் வந்து வாசலில் நிற்பான். உறைந்த மண்ணிலேயே வீடு கட்டுகிற ஊர்களும் கனடாவில் இருக்கின்றன. வடக்கே இனுவிக்கில் வீடுகளைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, வீட்டுச் சூடு மண்ணில் படாமல் கீழே காற்றோட விட்டிருக்கிறார்கள். அங்கே மண் உருகாமல் காப்பதுதான் பாடு. பிரம்ரன் மண் வருசத்துக்கு ஒரு தரம் உறைந்து, ஒரு தரம் உருகுகிற மண். அதை நம்பி எதையும் வைக்க முடியாது.

உறைகிறபோது மண்ணுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதை மட்டும் கணக்குப் பார்த்தால், ஓர் அடி ஈரமண் உறைந்தால் அரை அங்குலம்கூட எழும்பாது. ஆனால் றோட்டும் வாசல்படியும் அதைவிட எவ்வளவோ அதிகமாக எழும்புவதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். மிச்சம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ஸ்டீபன் டேபர் என்ற புவிச்சரிதவியலாளர் 1929இலும் 1930இலும் இதை எழுதி வைத்தார். தண்ணீருக்குப் பதிலாக பென்சீன் என்ற திரவத்தை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும், பருக்காது. அப்படியிருந்தும் மண் எழும்பியது. ஆக, எழும்புவதற்குக் காரணம் பருப்பது மட்டும் இல்லை. உறைகிற இடம் கீழே இருக்கிற ஈரத்தை, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல, மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுத்த நீர் அங்கேயே தட்டுத் தட்டாக உறைந்து மேல்மண்ணைத் தூக்குகிறது.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. உறைந்த களிமண் கட்டி ஒன்றை எடுத்துச் சுத்தியலால் பிளந்து பாருங்கள். பிளந்த முகத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள், வெங்காயத்தை வெட்டினால் தெரியும் அடுக்கு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அதைக் கையில் வைத்திருந்தால் கால் மணித்தியாலத்தில் உள்ளங்கையில் கஞ்சி ஆகிவிடும். அந்தக் கஞ்சியின் மேல்தான் உங்கள் வீட்டை ஏற்றச் சொல்கிறார்.

மாவு போன்ற நுண்மண்தான் இதில் மோசம். பருமணலும் கல்லும் நீரை அப்படி இழுத்து வைத்திருக்காது. ரொறன்ரோவைச் சுற்றிப் பல இடங்களில் வெட்டினால் களியும் நுண்மண்ணும் கலந்துதான் வரும்.

என் சொந்தக் கதை ஒன்று. 1990, நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்றாவது வின்ரர். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு வீட்டுத்திட்டத்தில் கூலிக்கு நின்றேன். கிடங்கு வெட்டி, கொங்கிறீற் ஊற்றப் பலகை அடித்து, வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ரர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பின்னேரம் தறப்பாள் மூடுவது என் வேலை. கை விறைத்துப்போய், வடமேற்கு மூலையில் பாரம் வைக்காமல் சும்மா செருகிவிட்டு ஓடிவிட்டேன். சனி இரவு காற்று. திங்கள் காலை வந்து பார்த்தால் அந்த மூலையில் தறப்பாள் கொடி மாதிரி ஆடிக்கொண்டு நிற்கிறது. மண்ணைக் காலால் உதைத்தேன், சப்பாத்துதான் நொந்தது. போர்மனிடம் சொன்னேன். "இரண்டு அங்குலம்தானே, கொங்கிறீற் சூட்டில் உருகிவிடும்" என்றார். உண்மைதான், உருகியது. சித்திரை முடிய அந்த மூலைச் சுவரில் 25 சதக் குற்றி நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு, மேலிருந்து கீழ்வரை. அந்தக் குற்றியை நுழைத்துப் பார்த்தவனும் நான்தான்.

இனி நல்ல செய்தி. நீங்கள் பேஸ்மென்ற் உள்ள வீடு கட்டுகிறீர்கள் என்றால் கிடங்கு 7, 8 அடிக்குப் போகும். ரொறன்ரோப் பக்கம் உறைபனி இறங்கும் ஆழம் என்று கணக்கில் எடுப்பது 4 அடி. அதற்குக் கீழே தை மாதத்திலும் மண் உயிரோடுதான் இருக்கும். வெளியே மைனஸ் 15 இருக்கிற காலையில் கிடங்கைத் திறந்தால் அடியிலிருந்து ஆவி பறக்கும். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், காற்றைவிட மண் சூடு. எனவே மேலே உறைந்திருக்கிற ஓடு உங்களுக்குக் காசுச் சிலவு, அவ்வளவுதான். அதை எப்படியும் உடைத்து வெளியே எறியப் போகிறீர்கள். ஆபத்து தொடங்குவது அடிமண்ணைத் திறந்த நிமிடத்தில். அதுவரை 8 அடி மண்ணைப் போர்த்துக்கொண்டு கிடந்த தரைக்கு நீங்கள் போர்வையை உருவிவிட்டீர்கள். அன்றிரவே அது உறையத் தொடங்கும்.

ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவையின் 9ஆம் பகுதியிலும் இதுதான் எழுதியிருக்கிறது: கிடங்கின் அடி கட்டுமான காலம் முழுவதும் உறையாமல் காக்கப்பட வேண்டும். கொங்கிறீற் ஊற்றும் நாளில் மட்டும் என்று இல்லை, முழுவதும். உங்கள் கொந்தராத்துக்காரருக்கு இந்த வரியைக் காட்டுங்கள். அவர் சொன்னபடி செய்தால் இன்ஸ்பெக்ரர் பாஸ் பண்ண மாட்டார் என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவதுதான் காதில் ஏறும்.

வேலையை எப்படிக் கொண்டுபோவது என்று சொல்கிறேன். முதலில், வெட்ட முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவித்து, காஸ், மின்சாரம், தண்ணீர்க் குழாய்கள் போகும் இடங்களை அடையாளம் போடுவிக்க வேண்டும். அது சட்டம். வின்ரரில் ஸ்நோவின் மேல் வர்ணம் அடித்துவிட்டுப் போவார்கள், அடுத்த நாள் புது ஸ்நோ விழுந்து மூடிவிடும். கொடியும் ஊன்றச் சொல்லிக் கேளுங்கள்.

வீடு வரப் போகிற இடத்தில் ஸ்நோவை இப்போதே வழிக்காதீர்கள். சனம் துப்புரவாக இருக்கட்டும் என்று வழித்துவிடும். மிதிபடாத ஸ்நோ நல்ல கம்பளி. அதை வழித்த இடத்திலும், லொறி ஏறி அமத்திய இடத்திலும் உறைபனி ஆழமாக இறங்கும். காறோடும் பாதையின் கீழே மண் ஆழமாக உறைவதும், பக்கத்துப் புல்லின் கீழே குறைவாக உறைவதும் அதனால்தான். இன்னும் நாள் இருக்கிறபடியால், ஸ்நோவுக்கு மேலே வைக்கலும் தறப்பாளும் போட்டால் இன்னும் நல்லது. ஓடு தடித்துவிட்டது என்றால் கிரவுண்ட் ஹீற்றர் வாடகைக்கு எடுக்கலாம். சூடாக்கிய கிளைக்கோல் திரவம் ஓடுகிற குழாயைத் தரையில் பாய் விரித்த மாதிரிப் பரப்பி, மேலே காப்புப் போர்வை மூடி விடுவார்கள். வாய்ப்பாக இருந்தால் நாளொன்றுக்கு ஓர் அடி வரை உருக்கும். ஆனால் பேஸ்மென்ற் கிடங்குக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. பெக்கோவுக்கு ஒற்றைப் பல்லுப் பூட்டி, மேலே உறைந்த மண்ணோட்டை உடைத்துக் கிளப்பினால் போதும். அப்படிக் கிளம்பிய கட்டிகளைத் தனிக் குவியலாகப் போடச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது முக்கியமான இடம். முழு ஆழத்துக்கும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். கடைசி ஓர் அடியை விட்டுவையுங்கள். அந்த ஓர் அடி மண்ணே அடித்தரைக்குப் போர்வை. பலகைக்காரர் நாளைக்கு வருகிறார் என்பது உறுதியானதும் அதை எடுத்து, எடுத்த கையோடு காப்புத் தறப்பாளை விரியுங்கள். சுவருக்குக் கீழே வரும் அகலப் பட்டை, நாங்கள் ஃபூற்றிங் என்று சொல்வது, அது வரும் கோட்டில் இரட்டையாக விரியுங்கள். ஓரத்துக்கு மண் மூட்டையோ பலகையோ பாரமாக வையுங்கள். நாலு மூலையையும் நீங்களே போய்ப் பாருங்கள், என்னைப் போல ஒரு பெடியனை நம்பாமல்.

காலையில் தறப்பாளைத் தூக்கியதும் விரல் பருமன் கம்பி ஒன்றைச் சுத்தியலால் தரையில் அடியுங்கள். உறையாத மண்ணில் 'பொத்' என்று இறங்கும். உறைந்த இடத்தில் 'டங்' என்று கை அதிரும். பத்தடிக்கு ஒரு தரமாவது அடியுங்கள், மூலைகளில் கட்டாயம் அடியுங்கள். ஒரு இடத்தில் 'டங்' கேட்டால் இரண்டு வழிதான்: உருக்கிக் காய விடுவது, அல்லது நல்ல மண் வரும் வரை சுரண்டி எடுப்பது. சுரண்டிய பள்ளத்தை உதிரி மண் போட்டு நிரப்பி மிதித்துவிடுகிற வேலை மட்டும் வேண்டாம். கொங்கிறீற்றே அதற்குள் இறங்கட்டும்.

கொங்கிறீற்றைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், அதைப் பார்த்துக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் கொங்கிறீற்றைக் குழந்தை மாதிரிப் போர்த்துவார்கள், அது படுக்கிற பாயை ஈரத்தில் போடுவார்கள். காற்று 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால், கலக்கும்போதும் ஊற்றும்போதும் கலவை 10 பாகைக்குக் குறையக் கூடாது, ஊற்றியபின் 72 மணித்தியாலம் 10 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் நாளிலேயே உறைந்துபோன கொங்கிறீற் தன் பலத்தில் பாதி வரை இழக்கலாம், பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் அது திரும்பி வராது. பலகைக்குள் ஸ்நோ, கம்பியில் ஒட்டிய ஐஸ் எல்லாவற்றையும் உருக்கித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். புறொப்பேன் ஹீற்றர் வைத்துக் கூடாரம் அடிப்பதானால் காற்றுப் போக வழி வையுங்கள். ஹீற்றரிலிருந்து வரக்கூடிய காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்குள் சூடு காய்கிறேன் என்று போய் இருக்காதீர்கள். ஹீற்றர் புகை புதுக் கொங்கிறீற் தரையில் படிந்தாலும் மேற்பரப்பு மாவாக உதிரும்.

தனியாகப் போடச் சொன்ன உறைந்த கட்டிகளுக்கு வருகிறேன். சுவர் எழும்பியதும் வெளிப்பக்கத்தை நிரப்ப அந்தக் குவியலைத்தான் தள்ளப் பார்ப்பார்கள். விடாதீர்கள். உறைந்த கட்டி இறுகாது, கட்டிக்கும் கட்டிக்கும் இடையில் பொந்து இருக்கும். கோடையில் உருகிப் பொந்து அமுங்க, வீட்டைச் சுற்றி ஓர் அகழி வரும், கூரைத் தண்ணீர் நேரே சுவரை நோக்கி ஓடும். அடியில் போட்ட வடிகால் குழாயும் அந்தக் கட்டிகள் விழுந்து நசியும். தூள் இல்லாத முக்கால் அங்குலக் கல்லு கொஞ்சம் விலைதான், ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைக்காதபடியால் குளிரிலும் போடலாம்.

குளிர்காலச் சிலவு யார் தலையில் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். கொங்கிறீற் ஆலைகள் வின்ரரில் சூடாக்கும் காசு தனியாகப் போடும். தறப்பாள் வாடகை, புறொப்பேன் எல்லாம் சேரும். "அப்பிடியே கொட்டுவம்" என்றவர் இந்தச் சிலவை விலையில் சேர்க்காமல் விட்டிருப்பார் என்பது என் ஊகம். கதை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

நாட்கல்லுக்கு வருகிறேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொன்னவர்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். அங்கே அலவாங்கு போடுவது முருகைக்கல்லில் முட்டும் வரைதான். இங்கே தையில் அலவாங்கு முதல் அங்குலத்திலேயே முட்டும். ஐயர் தந்த நாளை மாற்ற வேண்டியதில்லை. அந்த நாள் நாட்கல்லுக்கு, கொங்கிறீற்றுக்கு வேறு நாள். வடகிழக்கு மூலையில் ஓரடிச் சதுரத்தை நாலைந்து நாள் முன்பே வைக்கலும் காப்புப் போர்வையும் போட்டு மூடிவைத்து, அன்று காலை தோண்டுங்கள். பூசைக்கு ஊற்றுகிற பாலைத் தேர்மோஸில் கொண்டுபோங்கள். செம்பில் வைத்து மந்திரம் முடியும்வரை காத்திருந்தால் ஆடை கட்டும் முன் ஐஸ் கட்டும், நான் கண்டிருக்கிறேன். இன்னொன்று: நீங்கள் தரை மட்டத்தில் வைக்கிற கல்லு, பத்தாம் நாள் பெக்கோ வாய்க்குள் போய்விடும், ஏனென்றால் அந்த இடமே 8 அடி பள்ளமாகப் போகிறது. பூசை முடிந்ததும் கல்லை எடுத்துப் பட்டுத்துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்துவையுங்கள். ஃபூற்றிங் இறுகியபின் அதே மூலையில், அதன் பக்கத்தில் வையுங்கள். ஃபூற்றிங்குக்கு அடியில் பூவும் நவதானியமும் வேண்டாம். உக்கிப்போகிற எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

கேள்வி: ஒட்டாவாவில் எங்கள் வீட்டு வேலை பாதியில் நின்றுவிட்டது. அத்திவாரமும் பேஸ்மென்ற் சுவரும் முடிந்து, வெளிப்பக்கம் மண்ணும் நிரப்பியாகிவிட்டது. மேல்தளம் இல்லை, சூடும் இல்லை. "ஃபூற்றிங் 6 அடி ஆழத்தில் இருக்கு, பயமில்லை" என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், ஒட்டாவா

பதில்: தம்பி, நம்பாதீர்கள். 6 அடி என்பது வெளிப்பக்கக் கணக்கு. குளிருக்கு உள்பக்க வழியும் தெரியும். கூரையில்லாத பேஸ்மென்றுக்குள் காற்று இறங்கி நின்றால், ஃபூற்றிங்குக்கும் குளிருக்கும் இடையில் இருப்பது சில அங்குலம்தான். வீட்டுக்குள்ளிருந்து உறையத் தொடங்கி ஃபூற்றிங்குக்கு அடியில் போய் அதைத் தூக்கும். வருத்தம் என்னவென்றால் நாலு மூலையும் ஒரே அளவில் எழும்பாது. வெயில் படுகிற பக்கம் ஒரு மாதிரி, நிழல் பக்கம் வேறு மாதிரி.

இன்றே உள்தரை முழுவதும், முக்கியமாகச் சுவர் ஓரமாக மூன்று நாலு அடிக்கு, வைக்கலைத் தடிப்பாகப் பரப்பி மேலே காப்புத் தறப்பாள் போடுங்கள். நனைந்த வைக்கல் வேலை செய்யாது, அதனால் ஸ்நோ விழுந்தால் தறப்பாளின் மேலேயே கிடக்கட்டும், உள்ளே இறங்க விடாதீர்கள். முடிந்தால் மேல்தளத்தையாவது போட்டு மூடி, உள்ளே கொஞ்சம் சூடு வையுங்கள். மேல்தளம் இல்லாமல் வெளிப்பக்கம் மண் நிரப்பியதே பிழை. சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிட்டுச் சுவருக்கு முட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அதற்கு நான் கடிதத்தில் பதில் சொல்லக் கூடாது.

கேள்வி: றோட்டில் உப்புப் போட்டால் ஐஸ் உருகுகிறதே. கொங்கிறீற்றிலும், கிடங்கு மண்ணிலும் கொஞ்சம் உப்புப் போட்டால் என்ன?
– ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: ஊரில் கடற்கரை மணலில் போட்ட கொங்கிறீற் பிளேற் என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடிப்பக்கம் சோறு சோறாக விழுந்தது. கொங்கிறீற்றுக்குள் உப்புப் போட்டால் இங்கேயும் அதே கதை. கெதியாக இறுக வேண்டுமானால் குளோரைட்டு இல்லாத ஊக்கி இருக்கிறது, ஆலையில் கேட்டால் கலந்து அனுப்புவார்கள். மண்ணில் போட்டால் மேல் ஓர் அங்குலம் சேறாகும், கீழே உறைந்தபடியே கிடக்கும், அந்தச் சேற்றில் நின்றுதான் பலகை அடிக்க வேண்டி வரும்.

கேள்வி: ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முன்படி ஒவ்வொரு மாசியிலும் எழும்பிக் கதவைத் திறக்க விடாது, வைகாசியில் தானே இறங்கிவிடும். இப்போது எழும்பி நிற்கிறது. உடனே உடைத்து அத்திவாரம் போட்டுத் திரும்பக் கட்டலாமா? மாமிக்கு எண்பது வயது, தடக்கி விழுவா என்று பயம்.
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: பிள்ளை, இப்போது தொடாதீர்கள். படிக்கு 4 அடி ஆழத்தில் அத்திவாரம் இல்லை, யாரோ புல்லை வழித்துவிட்டு மேலேயே வைத்திருக்கிறார்கள். வைகாசி கடைசியில், படி முழுதாக இறங்கியபின் உடைத்து, 4 அடிக்குக் கிடங்கு வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். தூணாகப் போடுவதானால் பக்கங்கள் வழுவழுப்பாக இருக்கிற மாதிரி கடதாசிக் குழாய் வைத்து ஊற்றுங்கள். மண் சுவரிலேயே ஊற்றினால் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு உறைமண் தூணையே இழுத்துத் தூக்கும். அதுவரை மாமி பக்கக் கதவால் போய் வரட்டும், அங்கே கைபிடி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.